குதிகால் இல்லாத ரைட் அவுட்

புதிதாக வந்திருக்கும் பந்தாட்டக்காரன் தன் வீட்டு வாசற்படியை மிதிக்கவே கூடாது என்று சன்னாசி ஒரு முடிவு எடுத்தார். எடுத்த இடம் ரப்பர் பால் கொட்டகை. எடுத்த நேரம் பகல் பதினொன்றரை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினேழு பேர். அந்தப் பதினேழு பேரில் அவருடைய மனைவி இல்லை என்பதால் முடிவு மிகவும் உறுதியாக இருந்தது.

பெயர்தான் சன்னாசி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். வீட்டில் முத்தாயி என்று ஒரு மனைவி, செல்லம் என்று இருபது வயதில் ஒரு மகள். சன்னாசிக்கு வீட்டைத் துறக்கும் எண்ணம் அடிக்கடி வந்ததுண்டு. முத்தாயியிடம் உத்தரவு கேட்கப் பயந்துகொண்டு அதையும் துறந்துவிட்டார்.

அது அவசரகாலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. மலாயாவில் சிரம்பானிலிருந்து பதினாலு மைல் தள்ளி இரட்டைப்பாலத் தோட்டம். காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். ரோட்டில் பட்டாளத்துக்காரர்கள் இருந்தார்கள். நடுவில் ரப்பர் மரங்களும் தமிழர்களும் இருந்தார்கள். வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி. மாலை ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் வேலிக்கு வெளியே ஒரு கோழிகூட நிற்கக் கூடாது. காலையில் பாலுக்கு மரம் வெட்டப் போகும்போது ஸ்பெஷல் போலீஸ்காரர் கேட்டில் நின்று, காட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பிடி சோறாவது வெளியே போகிறதா என்று வாளி வாளியாக எட்டிப் பார்ப்பார். ஆட்களுக்கு மிச்சமிருந்த ஒரே சுகம் பந்து.

தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு டிவிஷன், ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்துக் கோஷ்டி. மூன்றாம் டிவிஷன் பந்துக் கோஷ்டிக்குப் பெரிய விசிறி சன்னாசி. வாழ்நாளில் பந்தை ஒரு தடவைகூட உதைத்ததில்லை. ஆனால் யார் எப்படி உதைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. அவர் வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே திடல். முத்தாயி மீன் கழுவிக்கொண்டே, "அந்த இடது ஓரத்துப் பையன் களைச்சுப் போயிட்டான், அவனை மாத்தணும்" என்பாள். மறுநாள் பால் கொட்டகையில் சன்னாசி தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே சொல்வார். எல்லாரும் வாயைப் பிளப்பார்கள்.

அந்த வருஷம் ஆறாம் டிவிஷனை மூடினார்கள். அது காட்டை ஒட்டி இருந்தது. இனி அங்கே ஆள் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவு. நாற்பது குடும்பங்களையும் லாரியில் ஏற்றி மற்ற டிவிஷன்களுக்குப் பிரிக்க வேண்டும். குடும்பங்களைத் துரை பிரித்தார். பந்தாட்டக்காரர்களைக் கணக்கெழுதும் கிராணிமார் பிரித்தார்கள். ஆபீசில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொருவரும் ஓர் ஆளைக் கேட்டு வாங்க வேண்டும். போன வருஷப் பந்துப் போட்டியில் கடைசியாக வந்த டிவிஷன்தான் முதலில் கேட்கலாம். கடைசியாக வருவதில் மூன்றாம் டிவிஷனுக்குப் போட்டியே கிடையாது.

பட்டியலில் இரண்டு பெயர் முக்கியம். ஒன்று தங்கராஜு. தேக்குக் கட்டை மாதிரி ஆள். அவன் உதைத்த பந்தை அடுத்த தோட்டத்தில் போய்ப் பொறுக்கி வந்ததாகப் பேச்சு. இன்னொன்று வீரமுத்து. ஒல்லி. ரைட் அவுட், அதாவது வலது ஓரமாகவே ஓடி, நடுவில் இருக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிப் போடுகிறவன்.

"அந்த ஒல்லிப் பையனை எடுக்கச் சொல்லுங்க" என்று முத்தாயி அதற்கு முந்தின சாயங்காலமே சொல்லியிருந்தாள்.

அன்றைக்கென்று சன்னாசிக்கு ரோஷம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது சொந்தமாக ஒரு அபிப்பிராயம் இருக்கட்டுமே என்று நினைத்தார். பால் கொட்டகையில் எழுந்து நின்று, "தங்கராஜுவை விட்டுட்டு அந்த ஈர்க்குச்சியை எடுத்தா, நான் திடல் பக்கமே வரமாட்டேன்" என்றார்.

மூன்றாம் டிவிஷன் கிராணி சீவரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியும் கறுப்புக் குடையுமாக வருவார். யார் பேச்சையும் கேட்கமாட்டார். அவர் ஈர்க்குச்சியைத்தான் எடுத்தார். தங்கராஜு இரண்டாம் டிவிஷனுக்குப் போய்விட்டான்.

முதல் நாள் பயிற்சிக்குத் திடலைச் சுற்றி எழுபது பேர் இருந்தார்கள். திடல் பக்கமே வரமாட்டேன் என்ற சன்னாசி முதல் வரிசையில் இருந்தார். மழை விட்டிருந்தது. பள்ளத்திலிருந்து புகை மாதிரி பனி ஏறிக்கொண்டிருந்தது.

"உசரம் பத்தலே" என்றார் மண்டோர் கணேசமூர்த்தி. வெட்டுக்காடுகளில் ஆட்களை மேய்ப்பவர் அவர்.

"நெஞ்சும் பத்தாதுலா" என்றார் சன்னாசி. "மாரே இல்லே. சட்டை போட்ட மூங்கில்."

"ரைட் அவுட்டுக்கு நெஞ்சு எதுக்கு?" என்றார் கிராணி, குடையை ஊன்றிக்கொண்டு. "அவன் என்ன பதக்கம் குத்தவோ வந்தவன்? கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ."

பார்த்தார்கள். மற்றவர்கள் ஓடும்போது ஈரத்தரையில் தொப் தொப்பென்று சத்தம் கேட்டது. வீரமுத்து ஓடும்போது ஒன்றும் கேட்கவில்லை. புல் மட்டும் படுத்து எழுந்தது. பந்து எங்கே விழும் என்று மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அவன் அண்ணாந்து பார்க்காமலே அந்த இடத்தில் போய் நிற்பான். பந்து தேடிக்கொண்டு வந்து அவன் காலடியில் படுக்கும். யாரும் கைதட்டவில்லை. கைதட்ட வேண்டும் என்று தோன்றவில்லை.

அப்புறம் அவன் பந்தை ஓங்கி இடது பக்கம் தூக்கிப் போட்டான். அழகான பந்து. ஆனால் இடது பக்கம் ஆளே இல்லை. காலியான புல்தரையில் விழுந்து, இரண்டு தத்து தத்தி, பனிக்குள் போய்விட்டது. வீரமுத்து பனியையே பார்த்துக்கொண்டு நின்றான். நல்ல பந்து போட்டதற்கு யாரோ தலையாட்டினால் பதிலுக்குக் கையைத் தூக்குவது மாதிரி, லேசாக ஒரு கையைத் தூக்கினான். பிறகு திரும்பி ஓடினான்.

அன்று அப்படி ஐந்து தடவை செய்தான்.

"யாருக்கு அடிக்கிறான்?" என்று கணேசமூர்த்தி மெதுவாகக் கேட்டார். கோல்கீப்பர் மணியம் கம்பத்தோடு ஒட்டி நின்றுகொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் முத்தாயி ஆரம்பித்தாள். "அந்தப் பையனோட அம்மா மயிலம்மாளும் நானும் ஒரே கப்பல்ல வந்தவங்க. கடைசி லயத்துல விட்டிருக்காங்க. பாவம், சின்ன மவன் வடமலையைப் பறிகொடுத்துட்டு வந்திருக்கா. போன வருஷம் ரோட்டுல லாரியைச் சுட்டாங்கல்ல, அதுல."

"கேள்விப்பட்டேன்."

"அண்ணன் ரைட் அவுட், தம்பி லெப்ட் அவுட். ரெண்டு பேரும் ஆறாம் டிவிஷனுக்கு ரெண்டு றெக்கை மாதிரி."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்லே. நம்ம செல்லத்துக்கு வயசு இருபதாச்சு."

சன்னாசி சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார். செல்லத்துக்கு அவர் மனதில் ஏற்கனவே ஒரு மாப்பிள்ளை இருந்தான். கோல்கீப்பர் மணியம். ஆறடி உயரம், அமைதியான சுபாவம். அதைவிட முக்கியம், மணியம் நல்ல கோல்கீப்பர் என்று அவர் பால் கொட்டகையில் ஏழு வருஷமாகச் சொல்லி வருகிறார். இருபத்தாறு கோல் விட்ட பிறகும் சொல்லி வருகிறார். இப்போது ஈர்க்குச்சி என்று ஊரறியச் சொன்னவனை மருமகனாக்கிக்கொண்டால் அவர் பேச்சை யார் மதிப்பார்கள்?

அன்றுதான் திட்டம் பிறந்தது. பெண்ணின் அப்பாவுக்குப் பிடிக்காத மாப்பிள்ளையைப் பெண்ணின் அம்மாவுக்குப் பிடித்துப்போகலாம். ஆனால் பேயை எந்த அம்மாவுக்கும் பிடிக்காது.

மறுநாள் பாலை எடைபோட்டு முடித்ததும் சன்னாசி குரலைத் தாழ்த்தினார். "திடல்ல அவன் கால்தடத்தைப் பாத்தீங்களா?"

"இல்லையே."

"போய்ப் பாருங்க. அஞ்சு விரல் இருக்கு. முன்னங்கால் இருக்கு. குதிகால் இல்லே."

போய்ப் பார்த்தார்கள். ஈரத்தில் பதிந்து காய்ந்திருந்தது. விரல்களும் முன்பாதமும் மட்டும். நுனிக்காலில் ஓடுகிறவன் தடம் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர்கள் யாரும் நுனிக்காலில் ஓடுகிறவனை அதற்கு முன் பார்த்ததில்லை.

"லாரியில செத்தது தம்பிதான்னு யார் சொன்னது?" என்று சன்னாசி மேலும் தாழ்த்தினார். "ரெண்டு பேரும் ஒரே ஜாடையாம். யார் யாரைப் புதைச்சாங்களோ. இங்க வந்திருக்கிறது எதுவோ."

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை ஊர் சொன்னது. மூன்று நாளில் வாசல்தோறும் வேப்பிலை ஏறியது. பெரட்டுக்களத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது வீரமுத்துவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆள் இடைவெளி. பயிற்சியில் அவன் பந்தோடு வந்தால் மணியம் கோலை விட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றான். வீரமுத்து யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காலியான இடது பக்கத்துக்குப் பந்து அடித்துக்கொண்டே இருந்தான்.

சன்னாசிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பால் கொட்டகையில் இப்போது பதினேழு பேர் இல்லை, நாற்பது பேர். ஒரே கதையை ஒரு நாளைக்கு நாலு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நன்றாகச் சொன்னார். இதில் ஒரு சங்கடம். நன்றாகச் சொன்ன கதையைக் கேட்டு நாற்பத்தோராவது ஆளாக அவரும் நம்ப ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிகாலை பெரட்டுக்குப் போகக் கதவைத் திறந்தார். மழை பெய்து ஓய்ந்த செம்மண் முற்றம். வேலிப் பக்கத்திலிருந்து அவர் வாசல் வரை கால்தடம். ஐந்து விரல், முன்பாதம். குதிகால் இல்லை. வந்த தடம் இருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

"முத்தாயி."

அவள் வந்து பார்த்தாள். "என்ன?"

"தடம்."

"ஆமா. தடம்தான்." உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசற்படியில் ஒரு பந்தும் இருந்தது. நனைந்த பழைய தோல் பந்து. தையலில் காட்டுப்புல் சிக்கியிருந்தது. சன்னாசி அதைத் தொடவில்லை. தாண்டிப் போனார். திரும்பி வந்தபோது பந்து இல்லை.

திங்கட்கிழமை மண்டோர் கணேசமூர்த்தி அவரைப் பார்த்து, "இன்னைக்கு நீ மேட்டு வெட்டுக்குப் போ" என்றார்.

மேட்டு வெட்டு என்ற மரக்காடு, மூடப்பட்ட ஆறாம் டிவிஷனை ஒட்டியது. அங்கிருந்து பார்த்தால் கீழே காலி லயங்கள் தெரியும். கதவுகள் திறந்தபடியே விட்டுவிட்டுப் போன வீடுகள். ஒரு வீட்டு வாசலில் கோலம்கூட இன்னும் முழுக்க அழியவில்லை. அன்று பனி ஒன்பது மணியாகியும் கலையவில்லை. மரத்துக்கு மரம் நடந்து பட்டையைச் சீவினார். மங்குக் கிண்ணங்களில் பால் சொட்டுகிற சத்தம் சுற்றிலும் கேட்டது. வெட்டி முடித்து, பால் வடியும்வரை உட்காரலாம் என்று வாளி தூக்கும் காண்டாக் கம்பை மரத்தில் சாத்தினார்.

தொப்.

பந்தை உதைக்கிற சத்தம்.

கீழே பள்ளத்தில், மரங்களுக்கு நடுவே, வீரமுத்து தனியாக நின்றான். முன்னால் ஒரு பந்து. அதை மெதுவாகப் பனிக்குள் உதைத்தான். பந்து மறைந்தது. சன்னாசி மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம்.

தொப்.

பந்து பனிக்குள்ளிருந்து திரும்பி வந்தது.

நேராக, அளந்து உதைத்த மாதிரி வீரமுத்துவின் காலுக்கே வந்தது. அவன் மறுபடி உதைத்தான். மறுபடி வந்தது. அந்தப் பக்கம் யாரும் தெரியவில்லை. வெள்ளையாகப் பனி மட்டும். வீரமுத்து சிரித்தான். அவன் சிரித்து இந்த டிவிஷனில் யாரும் பார்த்ததில்லை. பனியைப் பார்த்து ஏதோ சொன்னான். பனி ஏதோ பதில் சொன்னது.

சன்னாசி இறக்கிய பால் அன்று கொட்டகைக்கு வரவில்லை. சன்னாசியும் வரவில்லை. வாளி ஓரிடம், கம்பு ஓரிடம், அவர் வேட்டியில் பாதி ஒரு முள்செடியில்.

முத்தாயி அவருக்குச் சுடுகாப்பி கொடுத்து முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "சரிதான்" என்றாள்.

"என்ன சரிதான்?"

"தம்பி போகலே. அண்ணன்கூடவே நிக்கிறான். பொறந்ததுலேருந்து ஒண்ணா ஓடினவங்க. அண்ணனைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலே."

"அது நம்ம வாசலுக்கு ஏன் வருது?"

"அதைப் பத்தி முதல்ல வாய் தொறந்தது யாரு? பேர் சொல்லிக் கூப்பிட்டவங்க வீட்டுக்குத்தானே வரும்." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. "இப்ப முற்றத்துல நிக்குது. படி ஏறியாச்சு. அடுத்து உள்ளே வரும்."

"இதுக்கு என்ன செய்யறது?"

"எனக்கென்ன தெரியும். நீங்கதான் எல்லாந் தெரிஞ்சவங்க."

"முத்தாயி."

அவள் காப்பிக் குவளையை வாங்கி வைத்தாள். "அண்ணனுக்குத் துணை வந்துட்டா தம்பி நிம்மதியாப் போயிருவான். காலில்லாம அலையுறான்னுதானே சொன்னீங்க? அதுக்கு ஒரே வைத்தியம் கால்கட்டு. பெரியவனுக்கு ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் அடங்கிரும்."

"யாரைக் கட்டிக் கொடுக்கிறது?"

"அதான் யோசிக்கணும். ஊர்ல யாரும் பொண்ணு தரமாட்டாங்க. குதிகால் இல்லேன்னு எவனோ ஒருத்தன் கெளப்பி விட்டுட்டானே."

சன்னாசி சுவரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. "நம்ம செல்லம்" என்றார்.

"என் மவளைப் பேய்க்குக் கொடுக்கமாட்டேன்" என்றாள் முத்தாயி. "நீங்க சொன்ன மணியத்துக்கே கொடுப்போம். நல்ல கோல்கீப்பர்."

சன்னாசி அரை மணி நேரம் கெஞ்சினார். மணியத்தின் இருபத்தாறு கோலையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் குறை கூறினார். நுனிக்காலில் ஓடுவதுதான் வேகம் என்று விளக்கினார். கடைசியில் முத்தாயி இரண்டு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். தாம்பூலத் தட்டை அவரே மயிலம்மாளிடம் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன்னால், பால் கொட்டகையில் எல்லார் முன்னிலையிலும் அந்தப் பையனுக்குக் குதிகால் இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"சொன்னா நம்புவாங்களா?"

"தொட்டுக் காட்டுங்க."

மறுநாள் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, சன்னாசி ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து, வருங்கால மருமகனின் காலைத் தூக்கித் தொடையில் வைத்துக்கொண்டார். தடவிப் பார்த்தார். குதிகால் இருந்தது. வெடித்து, சொரசொரப்பாக, சூடாக இருந்தது.

"இருக்கு" என்றார். "நல்லாவே இருக்கு."

கூட்டம் கலைந்த பிறகும் அவர் காலை விடவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை. "தம்பி, ஆளில்லாத பக்கம் ஏன் அடிக்கிறே?"

வீரமுத்து திடல் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அவன் இல்லேன்னு தலைக்குத் தெரியுது மாமா" என்றான். "காலுக்குத் தெரியலே."

சன்னாசி தான் கிளப்பிவிட்ட பேச்சை நினைத்து வெட்கப்பட்டார். அன்று சாயங்காலமே தாம்பூலத் தட்டோடு கடைசி லயத்துக்குப் போனார். மயிலம்மாள் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நிச்சயம் முடிந்த அடுத்த சனிக்கிழமை இரண்டாம் டிவிஷனோடு ஆட்டம். எல்லாம் ஐந்து மணிக்குள் முடிய வேண்டும் என்று உத்தரவு. திடலின் ஒரு மூலையில் பட்டாளத்து இரும்பு வண்டி நின்றது. டவுனிலிருந்து வந்த போலீஸ் சார்ஜன்ட்தான் ரெப்ரி, ஆட்ட நடுவர். சன்னாசி முத்தாயிக்கும் செல்லத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

யாரும் கோல் போடவில்லை. மூன்றாம் டிவிஷன் கோல் வாங்காமல் இருந்ததே பெரிய சாதனை. கடைசி ஐந்து நிமிஷத்தில் பள்ளத்திலிருந்து பனி ஏறி இடது பாதித் திடலை மூடியது. வீரமுத்து வலது ஓரமாகப் பந்தோடு கிளம்பினான். தங்கராஜு குறுக்கே வந்தான். மரம் விழுகிற மாதிரி விழுந்தான். வீரமுத்து அங்கே இல்லை. கோட்டோரம் வரை போய், நிமிர்ந்து, பந்தை இடது பக்கம் தூக்கிப் போட்டான்.

காலி. எல்லாருக்கும் தெரியும். அன்று லெப்ட் அவுட் கால் சுளுக்கி நடுத்திடலில் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் எல்லாரும் கோல் வாசலில் நின்றார்கள். பந்து பனிக்குள் போயிற்று. திடல் அமைதியானது. இரும்பு வண்டி மேலிருந்த பட்டாளத்துக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

தொப்.

தோலில் கால் படுகிற சத்தம். திடலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. பனிக்குள்ளிருந்து பந்து தாழ்வாக, வேகமாக வந்து, கோலின் தூர மூலையில் நுழைந்தது.

யாரும் கத்தவில்லை. சார்ஜன்ட் திடலில் நின்ற ஆட்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு விசிலை ஊதினார். கோல் போட்டவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. கிராணி சீவரத்தினம் ஓடிப்போய், "ஆர் அடிச்சது? பேர் எழுத வேணும், ஆர் அடிச்சது?" என்று கேட்டார். வீரமுத்து புல்லில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். கிராணி அவனைப் பார்த்தார். பனியைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீரமுத்து ஆளில்லாத பக்கம் பந்து அடிக்கவே இல்லை.

அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது. விருந்துக்குக் கூடுதல் அரிசி கேட்டுத் துரையிடம் கிராணியே போய் எழுதி வாங்கி வந்தார். கல்யாணத்துக்கு மறுவாரம் ஒரு சாயங்காலம், சங்கு ஊத இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சன்னாசி அடுப்படி ஜன்னல் வழியே திடலைப் பார்த்தார். மருமகன் பந்தை உதைத்தான். எதிர்ப்பக்கம் செல்லம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். இடது காலால் திருப்பி உதைத்தாள். நேராக, அளந்த மாதிரி, அவன் காலுக்கே போயிற்று.

தொப்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம்.

"முத்தாயி" என்றார் மெதுவாக. "மேட்டு வெட்டுல, பனிக்குள்ள..."

"செல்லந்தான்" என்றாள் முத்தாயி, வெங்காயம் உரித்துக்கொண்டே. "பால் வடியற நேரத்துல கொஞ்சம் விளையாடுவாங்க. மயிலம்மாள் பக்கத்து மர நிரையிலதான் இருந்தா. பாவம், அவனுக்கும் பந்தைத் திருப்பி அடிக்க ஒரு ஆள் வேணும்ல."

"கேட்டைத் தாண்டிப் பந்து எப்படிப் போச்சு?"

"வாளியில."

"ஸ்பெஷல் போலீஸ்காரர் தெனமும் வாளியைப் பார்ப்பாரே."

"அவர்தான் காத்து அடிச்சுக் கொடுத்தாரு."

சன்னாசி ஜன்னலை விட்டுத் திரும்பினார். "என்னை மேட்டு வெட்டுக்கு அனுப்பினது?"

"நான்தான் மண்டோர்கிட்டச் சொன்னேன்."

"வாசல்ல தடம்?"

முத்தாயி வெங்காயத்தை வைத்துவிட்டு, கையை மடக்கி முஷ்டியைத் தரையில் அழுத்தினாள். விரல் நுனியால் மேலே ஐந்து புள்ளி வைத்தாள். பஜனை வீட்டில் கண்ணன் பிறப்புக்கு மாவில் பாதம் போடுவது போல.

"மணியம்? அவங்க வீட்டுல என்ன நெனைப்பாங்க?"

"மணியத்துக்குத் தை மாசமே சிரம்பான் பக்கம் தெமியாங்ல பொண்ணு பேசி முடிச்சாச்சு. சொல்றதுக்கு அவங்கப்பா மூணு தடவை வந்தாரு. நீங்க பந்தைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தீங்க, கேட்டுட்டுப் போயிட்டாரு."

சன்னாசிக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. பேய் இல்லை. எல்லாம் பொம்பளைங்க வேலை. சிரிக்கக்கூட வந்தது.

"அப்ப அந்தக் கோலும் உன் வேலைதானா? பனிக்குள்ள யாரை நிறுத்தி வெச்சிருந்தே?"

முத்தாயி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"செல்லம் உங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தா" என்றாள். "நானும் இந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். அதை உங்ககிட்டக் கேக்கணும்னுதான் நானும் நெனைச்சுக்கிட்டிருக்கேன்."

ஜன்னலுக்கு வெளியே பனி ஏற ஆரம்பித்திருந்தது. மகளும் மருமகனும் பந்தை எடுத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள். திடல் காலியாகக் கிடந்தது. பைப்படி திடலுக்கு அந்தப் பக்கம். சன்னாசி இன்னும் குளிக்கவில்லை. துண்டை எடுத்தார். வாசல் வரை போனார். திரும்பி வந்தார்.

"முத்தாயி, பைப்படி வரைக்கும் கொஞ்சம் கூட வாயேன்."

"வர்றேன்" என்றாள் முத்தாயி. "சும்மா எப்படி வர்றது? அந்தச் சட்டி பானையெல்லாம் எடுத்துக்குங்க. நீங்க கழுவுங்க, நான் துணைக்கு நிக்கிறேன்."

அன்று தொடங்கி அது வழக்கமாகிவிட்டது. அந்தக் கோல் யாருடையது என்பது சன்னாசிக்குக் கடைசிவரை தெரியவில்லை. பாத்திரம் யாருடையது என்பது மட்டும் தெரிந்துவிட்டது.